சாவி யார் கையில்?
தானியங்கி உதவியாளருக்கு அனுமதி வழங்குவது எப்படி?

கழகச் செயலவையில் பொறுப்பு வகித்த அனைவருக்கும் அந்தச் சிறு சடங்கு நினைவிருக்கும். ஆண்டுக் கூட்டம் முடிந்ததும் பழைய செயலாளர் கழக அறையின் சாவியைப் புதிய செயலாளரிடம் ஒப்படைப்பார். அட்டை கிழிந்த ஒரு குறிப்பேட்டில் இருவரும் கையொப்பமிடுவார்கள். பெயர், மெட்ரிக் எண், தேதி எல்லாம் அதில் பதிவாகும். அந்த அறைக்குள் இருப்பவை இரண்டு அலமாரிகள், ஓர் ஒலிபெருக்கி, சில குத்துவிளக்குகள், பழைய பதாகைகள் ஆகியவை மட்டுமே. ஆனாலும் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் உடனே பதில் சொல்லலாம்.

அதே கழகத்திற்கு இன்னொரு சாவியும் இருந்தது. அது எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை. அதை வைத்திருந்தவர் பட்டம் பெற்றுச் சென்றபோது சாவியும் அவரோடு சென்றுவிட்டது. ஏழு மாதங்கள் வரை யாருக்கும் அது தெரியவில்லை. பிறகு அந்தச் சாவியைப் புதிதாகச் செய்ய முனைந்த நான், அதைவிடப் பெரிய தவறொன்றைச் செய்தேன். அந்த இரண்டு தவறுகளிலிருந்தும் கற்றதைப் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணினித் துறை மாணவர்களுக்கு இது ஒரு செய்முறைக் குறிப்பாக அமையும். மற்றத் துறை நண்பர்களுக்கும், ஓர் இணையத்தளத்தின் பொறுப்பு என்றாவது கைக்கு வரும்போது, இது உதவும் என நம்புகிறேன்.

காப்பகமும் அதன் காவலாளியும்

நம் கழகத்தின் பழைய ஆண்டு மலர்களை வருடி, இணையத்தில் ஏற்றும் பணியை ஒரு மூத்த அண்ணன் 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் தொடங்கினார். கட்டுரைத் தலைப்பு, எழுதியவர் பெயர், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு தேடும் வசதியும் செய்தார். அந்தத் தளத்தின் நிரல்கள் அனைத்தும் கிட்ஹப்பில் ஒரு களஞ்சியமாக உள்ளன. கிட்ஹப் என்பது நிரல்களைச் சேமித்து, பலர் ஒன்றுகூடி அவற்றைத் திருத்த இடமளிக்கும் இணையச் சேவை. கிட்லேப், பிட்பக்கெட் ஆகியவையும் இவ்வகைச் சேவைகளே.

இன்று எந்த இணையத்தளமும் முழுக்க ஒருவர் எழுதிய நிரலால் ஆவதில்லை. நம் காப்பகத்திலேயே பிறர் எழுதி இலவசமாக வழங்கிய துணைத் தொகுப்புகள் 40க்கும் மேல் உள்ளன. படத்தைச் சுருக்க ஒன்று, தேடலுக்கு ஒன்று, எழுத்துருவுக்கு ஒன்று. இவற்றில் ஏதேனும் ஒன்றில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் நம் தளத்திற்கும் அது ஓட்டையே. 2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ என்னும் சிறு தொகுப்பில் கண்டறியப்பட்ட குறை உலகெங்கும் உள்ள நிறுவனங்களை அலைக்கழித்தது. அந்தத் தொகுப்பு தங்கள் அமைப்பில் இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிய வந்தது.

ஆகவே துணைத் தொகுப்புகளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாணவர் கழகத்தில் வாரந்தோறும் அமர்ந்து இதைப் பார்ப்பவர் யார்? இதற்காகவே ‘ரெனோவேட்’ போன்ற தானியங்கிக் கருவிகள் உள்ளன. ரெனோவேட் ஒரு திறந்த மூலநிரல் கருவி. அது களஞ்சியத்தைப் படித்து, எந்தத் தொகுப்புக்குப் புதிய பதிப்பு வந்துள்ளது என்று பார்க்கும். பிறகு தனிக் கிளை ஒன்றில் மாற்றத்தைச் செய்து, “இதைச் சேர்க்கலாமா?” என்று கேட்கும். இவ்வாறு கேட்பதைத்தான் ‘புல் ரிக்குவெஸ்ட்’ என்கிறோம். தமிழில் மாற்றக் கோரிக்கை எனலாம். மனிதர் ஒருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் மாற்றம் சேரும்.

அண்ணன் இதையெல்லாம் ஒழுங்காக அமைத்திருந்தார். ஒரே ஒரு குறை. தானியங்கிக்குரிய அனுமதியை அவர் தம் சொந்தக் கணக்கிலிருந்து கொடுத்திருந்தார். வேலைக்குச் சென்றபின் மாணவர் காலக் கணக்கை மூடிவிட்டார். கணக்கோடு அனுமதியும் இறந்தது, தானியங்கியும் நின்றது. கருவி வேலை செய்யும்போதுதான் கோரிக்கைகள் வரும். நின்றுவிட்டால் ஒன்றும் வராது. ஒன்றும் வராததைக் கண்டு, “எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது போலும்” என்று நாங்கள் மகிழ்ந்திருந்தோம். கலை இரவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தளம் பழுதானது. அப்போதுதான் ஏழு மாதக் கதை வெளிப்பட்டது. அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“அந்தக் கணக்கையே மூடிட்டேனேம்மா. யாரும் ஒன்னும் கேட்கலையே!” என்றார்.

அவர் சொன்னது உண்மை. யாரும் கேட்கவில்லை.

கடவுச்சொல்லும் டோக்கனும்

தானியங்கியும் களஞ்சியத்தில் எழுத வேண்டுமானால் தான் யார் என்று காட்ட வேண்டும். மனிதர் கடவுச்சொல் தட்டி நுழைகிறார். தமிழ்ப்பள்ளியில் ‘கடவுச்சொல்’ என்று படித்த நான், இடைநிலைப்பள்ளியில் ‘காத்தா லாலுவான்’ என்று படித்தேன். ‘காத்தா’ என்றால் சொல். ‘லாலுவான்’ என்றால் கடந்து செல்லும் வழி. கடவு என்பதற்கும் அதுவே பொருள். இரண்டு மொழியும் ஒரே கருத்தில் சொல் படைத்திருப்பதை எண்ணி அன்று வியந்தது நினைவிருக்கிறது. சொல்லைச் சொன்னால் வழி திறக்கும்; முழு வழியும் திறக்கும். கடவுச்சொல்லின் சிக்கலும் அதுதான்.

டோக்கன் அப்படியன்று. அது சேவையே உருவாக்கித் தரும் நீண்ட எழுத்துக் கோவை. கடவுச்சொல்லிலிருந்து அது மூன்று வகையில் வேறுபடுகிறது. முதலாவது, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அதற்கு எல்லை வகுக்கலாம். இரண்டாவது, அதற்குக் காலாவதித் தேதி வைக்கலாம். மூன்றாவது, மற்றவற்றைத் தொடாமல் அதை மட்டும் இரத்து செய்யலாம். 2021 ஆகஸ்டு 13 முதல் கிட்ஹப், கிட் கட்டளைகளுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்தியதற்கு இத்தகைய காரணங்களே அடிப்படை.

ஆனால் எல்லை வகுக்கலாம் என்பது வேறு. நாம் வகுக்கிறோமா என்பது வேறு. என் கதை அங்கேதான் தொடங்குகிறது.

நான் செய்த தவறு

கலை இரவு நெருங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் கிட்ஹப்பில் என் சொந்தக் கணக்கைத் திறந்தேன். அங்கே இரு வகை டோக்கன்கள் உள்ளன. ஒன்று ‘கிளாசிக்’ எனும் பழைய வகை. மற்றொன்று 2022இல் அறிமுகமான ‘ஃபைன்-கிரெய்ன்ட்’ எனும் நுண்வகை. பழைய வகையில் கட்டங்களைக் குறியிட்டால் போதும் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தேன். எது தேவை என்று தெரியாததால் எல்லாக் கட்டங்களையும் குறியிட்டேன். காலாவதி வேண்டாம் என்று சொன்னேன். கிடைத்த டோக்கனைக் களஞ்சியத்தில் இருந்த அமைப்புக் கோப்பிலேயே ஒட்டி வைத்தேன். களஞ்சியம் பொதுப் பார்வைக்கு மூடப்பட்டதுதானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

தானியங்கி உயிர் பெற்றது. ஒரே மாலையில் 23 கோரிக்கைகள். தளமும் சரியானது. செயலவைக் குழுவில் பாராட்டு மழை.

அப்போது நான் ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சியில் இருந்தேன். என்னை மேற்பார்வையிட்ட அக்காவிடம் பெருமையுடன் அதைக் காட்டினேன். அவர் கோரிக்கைகளைப் பார்க்கவில்லை. அமைப்புக் கோப்பைப் பார்த்தார்.

“இது யாரோட டோக்கன்?”

“என்னோடதுதான்கா.”

“இதே கணக்கிலதானே நம்ம கம்பெனி களஞ்சியத்துக்கும் உனக்கு அனுமதி கொடுத்திருக்கோம்?”

எனக்குக் கை நடுங்கியது. பழைய வகை டோக்கனில் ‘ரெப்போ’ என்ற கட்டத்தைக் குறியிட்டால், அது ஒரு களஞ்சியத்திற்கு மட்டும் உரியதாக இராது. அமைப்பின் நிர்வாகி தடை விதித்திருந்தாலன்றி, அந்தக் கணக்கு எங்கெல்லாம் நுழைய முடியுமோ அங்கெல்லாம் அதுவும் நுழையும். கழகக் களஞ்சியத்தைப் பார்க்கும் உரிமை செயலவையில் 14 பேருக்கு இருந்தது. அவர்களுள் யார் அந்த வரியை நகல் எடுத்தாலும், என் பெயரில் அந்த நிறுவனத்தின் நிரலைப் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். கழக அறையைப் பெருக்க வந்தவரிடம் என் வீடு, என் அலுவலகம், என் விடுதி அறை எல்லாவற்றின் சாவிக்கொத்தையும் கொடுத்தது போன்ற செயல் அது.

அக்கா முன்னிலையிலேயே டோக்கனை இரத்து செய்தேன். அவருடைய மேலாளரிடம் நானே சென்று நடந்ததைச் சொன்னேன். அவர்கள் பதிவேடுகளைச் சோதித்தார்கள். சந்தேகத்திற்குரியது எதுவும் தென்படவில்லை. பயிற்சியைத் தொடர அனுமதித்தார்கள். ஆயினும் அந்த இரண்டு நாள்களை நான் மறக்கமாட்டேன்.

வல்லுநருக்கும் சறுக்கும்

இது அனுபவமற்ற மாணவி செய்த தவறு மட்டுமன்று. 2024 ஜூலையில் ‘ஜேஃப்ராக்’ நிறுவன ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். பைத்தன் மொழியின் முதன்மைக் களஞ்சியங்களில் நிர்வாகி அதிகாரம் கொண்ட ஒரு பழைய வகை டோக்கன், பொதுவில் கிடைத்த ஒரு டாக்கர் தொகுப்பினுள் இருந்தது. மூல நிரலிலிருந்து அந்த வரி நீக்கப்பட்டிருந்தது. ஆனால் அதிலிருந்து உருவான தொகுப்புக் கோப்பு அந்த வரியைச் சுமந்துகொண்டே இருந்தது. அதனைத் தவறாகப் பயன்படுத்தியதற்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை. டோக்கனும் உடனே இரத்து செய்யப்பட்டது. தவறியவர்கள் உலகின் மிகத் தேர்ந்த நிரலாளர்கள்.

2025 மார்ச்சில் நடந்தது நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது. ‘டிஜே-ஆக்‌ஷன்ஸ்’ குழுவின் ஒரு கருவியை 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்தி வந்தன. அக்குழுவின் தானியங்கிக் கணக்கிற்குரிய ஒரு டோக்கன் திருடர் கைக்குப் போனது. அவர்கள் கருவியின் நிரலை மாற்றினர். மாற்றப்பட்ட கருவியை இயக்கியோரின் இரகசியங்கள் அவரவர் பதிவேட்டிலேயே அச்சாகின. களஞ்சியம் பொதுவானதாக இருந்தால் அந்தப் பதிவேட்டை யாரும் படிக்கலாம். ஒரு தானியங்கியின் ஒரு சாவி, ஆயிரக்கணக்கானோரின் கதவை அசைத்துவிட்டது.

முறையாக அமைப்பது எப்படி?

தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நமக்கு டோக்கன் தேவைதானா? களஞ்சியம் கிட்ஹப்பில் மட்டும் இருந்தால், அங்கேயே உள்ள ‘டிபெண்டபாட்’ போதும். அதற்கு நாம் டோக்கன் எதுவும் தர வேண்டியதில்லை. ரெனோவேட்டையும் ‘மெண்ட்’ நிறுவனம் நடத்தும் செயலியாக நிறுவிக்கொள்ளலாம். அதிலும் எந்தெந்தக் களஞ்சியம் என்று தேர்ந்தெடுப்பதே நம் வேலை. நம் கழகத்திற்கு முன்னாள் மாணவர்களின் தளம் ஒன்று கிட்லேப்பில் உள்ளது. இரண்டையும் ஒரே விதிகளால் கவனிக்க விரும்பியதால் ரெனோவேட்டை நாமே இயக்குகிறோம். நாமே இயக்கினால் சாவியையும் நாமே செய்ய வேண்டும். அதன் படிகள் பின்வருமாறு.

முதலாவது, தானியங்கிக்குத் தனிக் கணக்கு. கழகத்தின் பொது மின்னஞ்சலைக் கொண்டு புதிய கணக்கு ஒன்றைத் திறந்தோம். ஒருவர் தம் கணக்குடன், இயந்திரத்திற்கென ஓர் இலவசக் கணக்கும் வைத்திருக்கக் கிட்ஹப்பின் விதிமுறைகள் இடமளிக்கின்றன. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கோரிக்கையை எழுப்பியவரே அதற்கு ஒப்புதல் அளிக்க கிட்ஹப் விடுவதில்லை. என் டோக்கனில் தானியங்கி ஓடியபோது எல்லாக் கோரிக்கைகளும் என் பெயரில் இருந்தன. அவற்றை முறைப்படி நான் சரிபார்க்க வழியில்லை. இப்போது கேட்பது தானியங்கி, பார்ப்பது மனிதர். இந்தக் கணக்கிற்கும் இரு படிச் சரிபார்ப்பை அமைத்துவிடுங்கள். மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு, உறையிலிட்டு, அலமாரியில் பூட்டி வைத்துள்ளோம்.

இரண்டாவது, கதவு ஒன்று போதும். அந்தக் கணக்கைக் கழகத்தின் அமைப்பில் சேர்த்து, காப்பகக் களஞ்சியத்திற்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்தோம். நிர்வாகி உரிமை கொடுக்கவில்லை. டோக்கனின் அதிகாரம் ஒருபோதும் அதன் கணக்கின் அதிகாரத்தை மிஞ்சாது. எனவே கணக்கைச் சிறிதாக வைப்பதே முதல் அரண்.

மூன்றாவது, நுண்வகை டோக்கன். தானியங்கியின் கணக்கில் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குச் சென்று, ‘டெவலப்பர் செட்டிங்ஸ்’ என்பதைத் திறந்து, அங்கே ‘ஃபைன்-கிரெய்ன்ட் டோக்கன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உரிமையாளர் என்ற இடத்தில் கழகத்தின் அமைப்பையும், களஞ்சியம் என்ற இடத்தில் காப்பகத்தை மட்டும் குறிப்பிட வேண்டும். பிறகு அனுமதிகள். கோப்புகளுக்குரிய ‘கன்டென்ட்ஸ்’, ‘புல் ரிக்குவெஸ்ட்ஸ்’, ‘இஷ்யூஸ்’, ‘கமிட் ஸ்டேட்டஸஸ்’ ஆகிய நான்கிற்கும் படிக்கவும் எழுதவும் உரிமை கொடுங்கள். பாதுகாப்பு எச்சரிக்கைகளைக் கருவி அறிய, ‘டிபெண்டபாட் அலர்ட்ஸ்’ என்பதற்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். தானியங்கிப் பணிக் கோப்புகளையும் ரெனோவேட் புதுப்பிக்க வேண்டுமென்றால் மட்டுமே ‘வொர்க்ஃப்ளோஸ்’ உரிமை தேவை. மற்றவற்றைத் தொட வேண்டாம். அமைப்பின் நிர்வாகி ஒப்புதல் தர வேண்டும் என்று கேட்கப்படலாம். அது நல்லதே, இரண்டாவது ஒருவரின் கண்ணும் படுகிறது.

நான்காவது, காலாவதித் தேதி. இங்கேதான் நாங்கள் ஒரு முடிவெடுத்தோம். டோக்கன் முடியும் நாளை, அடுத்த ஆண்டுக் கூட்டத்திற்கு இரண்டு வாரங்களுக்குப் பின் வைத்தோம். ஒவ்வொரு செயலவையும் தன் டோக்கனைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். பழைய செயலவையின் சாவி தானாகவே செயலிழந்துவிடும்.

ஐந்தாவது, பெட்டகம். உருவாக்கிய டோக்கன் ஒரே ஒருமுறைதான் திரையில் தெரியும். அதை எந்தக் கோப்பிலும், எந்த வாட்ஸ்அப் குழுவிலும், எந்தத் திரைப்படத் துணுக்கிலும் வைக்கக்கூடாது. களஞ்சியத்தின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘சீக்ரெட்ஸ் அண்ட் வேரியபிள்ஸ்’ என்ற இடம் உள்ளது. அங்கே ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். பணிக் கோப்பில் அந்தப் பெயரை மட்டுமே எழுத வேண்டும்; ஓடும்போது கிட்ஹப் உரிய மதிப்பை எடுத்துக் கொடுக்கும். பதிவேட்டில் அது அச்சாக நேர்ந்தாலும் நட்சத்திரக் குறிகளால் மறைக்கப்படும். ஆனால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். களஞ்சியத்தில் எழுதும் உரிமை உள்ளவர் நினைத்தால், பணிக் கோப்பை மாற்றி, பெட்டகத்தில் உள்ளதை வெளியே அனுப்ப முடியும். எனவே யாருக்கு எழுதும் உரிமை என்பதையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். எங்கள் 14 பேரில் இன்று நால்வருக்கு மட்டுமே அது உண்டு.

ஆறாவது, சோதனை. எந்தக் களஞ்சியத்தைப் பார்க்க வேண்டும் என்று ரெனோவேட்டுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது எதையும் தொடாது. முதல்முறை ஓடியதும், தன்னை அறிமுகப்படுத்தி ஒரே ஒரு கோரிக்கையை எழுப்பும். அதை ஏற்ற பின்னரே வேலையைத் தொடங்கும். அந்தக் கோரிக்கை வந்துவிட்டால் சாவி பொருந்திவிட்டது என்று பொருள்.

“கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஒவ்வொரு பணிக்கும் தானே ஒரு டோக்கன் தருகிறதே, அது போதாதா?” என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த டோக்கன் பணி முடிந்ததும் காலாவதியாகிவிடும், மிகப் பாதுகாப்பானது. ஆனால் அதைக் கொண்டு எழுப்பிய கோரிக்கைகள், பொதுவாக மற்றச் சோதனைப் பணிகளைத் தாமாகத் தொடங்கா. சோதனை ஓடாத மாற்றத்தைச் சேர்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதாகும். அதனால்தான் தனி டோக்கன் தேவைப்படுகிறது. பெரிய அமைப்புகள் தமக்கென ‘கிட்ஹப் ஆப்’ ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். அது பெறும் டோக்கன்கள் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும். ஆனால் அந்தச் செயலியின் தனிச்சாவிக் கோப்பைப் பத்திரமாகக் காக்கும் பொறுப்பு அப்போதும் நம்முடையதே.

கிட்லேப்பும் பிட்பக்கெட்டும்

கிட்லேப்பில் ஒரு திட்டத்திற்கு மட்டுமே உரிய டோக்கனை உருவாக்கும் வசதி உண்டு. அதை உருவாக்கும்போதே கிட்லேப் ஒரு தானியங்கிப் பயனரையும் உருவாக்கிவிடும். ஆனால் கிட்லேப் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இவ்வசதி கட்டணத் திட்டங்களுக்கு உரியது. இலவசத் திட்டத்தில் இருக்கும் நாங்கள் அங்கும் ஒரு தனிக் கணக்கைத் திறந்து, ‘டெவலப்பர்’ நிலையில் சேர்த்து, அதிலிருந்து டோக்கன் எடுத்தோம். ரெனோவேட்டுக்கு அங்கே தேவைப்படும் எல்லைகள் மூன்று: ‘ரீட்_யூசர்’, ‘ஏபிஐ’, ‘ரைட்_ரெப்போசிட்டரி’. இவற்றுள் ‘ஏபிஐ’ மிகவும் பரந்த அதிகாரம். எனவே அந்தக் கணக்கு வேறெந்தத் திட்டத்திலும் உறுப்பினராக இருக்கக்கூடாது. டோக்கனைச் சேமிக்கும் மாறியை ‘மாஸ்க்ட்’, ‘புரொட்டக்டட்’ என இரண்டு வகையிலும் குறித்துவிடுங்கள். முன்னது பதிவேட்டில் மறைக்கும். பின்னது பாதுகாக்கப்பட்ட கிளைகளில் ஓடும் பணிகளுக்கு மட்டுமே கொடுக்கும்.

2023 மே மாதம் வெளிவந்த 16.0 பதிப்பு முதல், முடிவே இல்லாத டோக்கன் என்ற வழக்கத்தைக் கிட்லேப் கைவிட்டது. இங்கும் ஆண்டுக் கூட்டக் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. இன்னொரு சிறு குறிப்பு: ரெனோவேட் கிட்லேப்பில் ஓடினாலும், தொகுப்புகளின் வெளியீட்டுக் குறிப்புகளைத் தடையின்றிப் படிக்க அதற்குக் கிட்ஹப் டோக்கன் ஒன்று வேண்டும். பொதுவில் உள்ளதைப் படிக்கத்தானே? எந்தக் கட்டத்தையும் குறியிடாத வெற்று டோக்கனே போதும்.

பிட்பக்கெட்டைப் பயன்படுத்துவோர் பழைய வழிகாட்டிகளைக் கண்டு ஏமாற வேண்டாம். அவற்றில் ‘ஆப் பாஸ்வேர்ட்’ உருவாக்கச் சொல்லியிருக்கும். 2025 செப்டம்பர் 9 முதல் அதைப் புதிதாக உருவாக்க முடியாது. எல்லை வகுக்கப்பட்ட ‘ஏபிஐ டோக்கன்’ அதன் இடத்திற்கு வந்துள்ளது.

கசிந்துவிட்டால்?

நம்மில் பலர் முதலில் செய்வது அந்த வரியை அழிப்பது. அது போதாது. கிட் என்பதே பழையதை மறக்காத அமைப்பு. இன்று அழித்த வரி நேற்றைய பதிப்பில் இருக்கும். ஆகவே முதலில் டோக்கனை இரத்து செய்யுங்கள். அடுத்துப் புதியதைச் செய்து பெட்டகத்தில் வையுங்கள். மூன்றாவதாக, இடைப்பட்ட நாள்களில் யார் நுழைந்தார்கள், என்ன மாறியது என்று பதிவேட்டைப் பாருங்கள். கடைசியாக, அந்த டோக்கன் தொடக்கூடிய எல்லாக் களஞ்சியங்களின் பொறுப்பாளர்களிடமும் சொல்லுங்கள். வரியை நீக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரத்தான டோக்கன் வெறும் எழுத்துக் குவியல்தான். பொதுக் களஞ்சியத்தில் தன் டோக்கன் கிடப்பதைக் கண்டால் கிட்ஹப் தானே அதை இரத்து செய்துவிடும். மூடிய களஞ்சியத்தில் அந்த உதவியை எதிர்பார்க்க வேண்டாம். “மூடியதுதானே” என்று நான் நினைத்தது இதனாலும் தவறு.

மேலாளரிடம் சென்று சொல்வதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ஆனால் மறைத்திருந்தால், அவர்கள் பதிவேட்டைச் சோதிக்கும் வாய்ப்பே இருந்திருக்காது. தவறு என்னுடையது, ஆபத்து அவர்களுடையது. ஆபத்துக்கு உரியவருக்கு அதை அறியும் உரிமை உண்டு.

குறிப்பேட்டில் ஒரு புதிய வரி

நுட்பம் ஆண்டுதோறும் மாறும். நான் மேலே சொன்ன பொத்தான்கள் நாளை வேறிடத்திற்குப் போகலாம், பெயர்களும் மாறலாம். மாறாதவை மூன்று கேள்விகள். இந்தச் சாவி யாருடையது? எந்தக் கதவைத் திறக்கும்? எப்போது முடியும்? மூத்த அண்ணனின் டோக்கன் முதல் கேள்வியில் தவறியது. என் டோக்கன் மூன்றிலுமே தவறியது.

இவ்வாண்டுக் கூட்டத்தில் அந்தப் பழைய குறிப்பேட்டைத் திறந்தபோது, அறைச் சாவிக்குக் கீழே ஒரு புதிய வரி எழுதினோம். டோக்கனை அதில் எழுதவில்லை, எழுதவும் கூடாது. எந்தக் கணக்கில் உள்ளது, எதற்காக, என்னென்ன அனுமதி, எந்தப் பெட்டகத்தில், எந்தத் தேதியில் முடிகிறது, மீட்புக் குறியீட்டு உறை எந்த அலமாரியில் என்பவற்றை மட்டும் எழுதினோம். மாதம் ஒருமுறை, “தானியங்கி கடைசியாக என்று ஓடியது?” என்று பார்ப்பதும் இப்போது செயலாளரின் பணிகளில் ஒன்று. அமைதியைக் கண்டு இனி நாங்கள் மகிழ்வதில்லை.

பட்டம் பெற்றுச் சென்ற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். இம்மலரை மூடி வைத்தபின் உங்கள் பழைய கணக்குகளைச் சற்றுத் திறந்து பாருங்கள். கழகத்திற்காகவோ, பழைய பணியிடத்திற்காகவோ நீங்கள் கொடுத்த டோக்கன் ஒன்று உங்கள் பெயரில் இன்னும் உயிரோடு இருக்கலாம். அதை இரத்து செய்யுமுன் ஒருமுறை எங்களை அழையுங்கள். இந்த முறை நாங்கள் கேட்கிறோம்.

குறிப்பேட்டின் அந்த வரியில் நான் கையொப்பமிட்டேன். எனக்குக் கீழே, முதலாண்டு முடித்திருக்கும் தம்பி கையொப்பமிட்டான். இரண்டு வாரங்களில் என் காலத்து டோக்கன் காலாவதியானது. மறுநாள் காலையில் அவன் செய்த புதிய டோக்கனில் தானியங்கி ஓடி, தேடல் தொகுப்பின் புதிய பதிப்பைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தது. நான் எதுவும் செய்யவில்லை. செய்யத் தேவையும் இருக்கவில்லை.